பாரிஸில் வெளியே சாப்பிடுவது: எத்தனை மணிக்கு, எங்கே, என்ன கேட்டு

பையில் பணம் இருந்தும் மணி தெரியாமல் பட்டினி கிடப்பவர்கள் பாரிஸில் நிறைய. பிற்பகல் 3 மணிக்கு ஒரு நல்ல உணவகத்துக்குள் நுழைந்தால் மேசைகள் காலியாக இருக்கும், பரிமாறுபவரும் நிற்பார், ஆனால் சமையலறையில் அடுப்பு அணைந்திருக்கும். கெஞ்சினாலும் ஒன்றும் கிடைக்காது. நம் ஊரில் பசிக்கும்போது கடையைத் தேடுவோம். இங்கே கடை திறந்திருக்கும் நேரத்துக்குப் பசியைப் பழக்க வேண்டும். அதனால் இடங்களின் பெயரைச் சொல்லும் முன் கடிகாரத்தைப் பற்றிச் சொல்லிவிடுவது நல்லது.

முதலில் மணி

மதியச் சாப்பாடு 12 மணிக்குத் தொடங்கி 2 மணியோடு முடிகிறது. இரவுச் சாப்பாடு 7 அல்லது 7.30-க்கு ஆரம்பம்; 10 மணிக்குப் பிறகு பெரும்பாலான இடங்களில் புதிதாக யாரையும் உட்கார வைக்க மாட்டார்கள். கதவில் எழுதியிருப்பது கடை மூடும் நேரம். சமையலறை அதற்கு அரை மணி, முக்கால் மணி முன்பே ஓய்ந்துவிடும். ஆகவே 1.15-க்குள் போய் உட்கார்ந்துவிடுங்கள்.

இடைப்பட்ட நேரத்தில் பசித்தால் வாசலில் 'செர்விஸ் கோந்தின்யூ' என்று எழுதிய இடங்களைத் தேடுங்கள். இடைவெளி இல்லாமல் நாள் முழுக்கப் பரிமாறுகிறார்கள் என்று பொருள். 'ப்ராஸ்ரி' எனப்படும் பெரிய உணவகங்கள், கீழே சொல்லப்போகும் 'பூய்யோன்' கடைகள், லாச்சப்பல் தமிழ்க் கடைகள் எல்லாம் இந்த வகை. ரொட்டிக் கடைகளும் காலை முதல் இரவு 7.30, 8 வரை திறந்திருக்கும்.

ஞாயிறும் திங்களும் பல சிறு உணவகங்களுக்கு விடுமுறை. ஆகஸ்ட் மாதம் இன்னும் மோசம்: குடும்பமாக நடத்தும் கடைகள் இரண்டு முதல் நான்கு வாரம் வரை பூட்டிக் கிடக்கும். அந்த மாதத்தில் வருகிறவர்கள் ஒரு குறிப்பிட்ட கடையை நம்பி நகரத்தின் மறுகோடிக்குப் போகும் முன், அது திறந்திருக்கிறதா என்று அன்று காலையே பார்த்துக்கொள்ள வேண்டும்.

வாசல் பலகையை எப்படிப் படிப்பது

விலைப்பட்டியலை வாசலுக்கு வெளியே வைக்க வேண்டும் என்பது இங்கே சட்டம். வெளியே நின்று நிதானமாகப் படித்துவிட்டு, பிடிக்கவில்லை என்றால் நடையைக் கட்டலாம். யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

நம்மவர்கள் அதிகம் குழம்பும் சொல் 'மெனு'. பிரெஞ்சில் மெனு என்றால் ஒரே விலைக்குள் அடங்கிய முழுச் சாப்பாடு. நாம் மெனு என்று சொல்லும் அட்டைக்கு இங்கே 'கார்த்' என்று பெயர். 'ஆந்த்ரே' முதலில் வரும் சிறு தட்டு, 'ப்ளா' முக்கிய உணவு, 'தெஸேர்' இனிப்பு. 'ஃபோர்முல்' என்று போட்டிருந்தால் இவற்றில் இரண்டைச் சேர்த்து விலை வைத்திருக்கிறார்கள்: ஆந்த்ரேயும் ப்ளாவும், அல்லது ப்ளாவும் தெஸேரும். 'ப்ளா து ஜூர்' அன்றைய சிறப்பு. அதைத்தான் அன்று காலை சந்தையிலிருந்து வந்த பொருளில் சமைத்திருப்பார்கள், சீக்கிரமும் வரும்.

இப்போதைய விலைக்கு, சாதாரண அக்கம்பக்கத்து உணவகத்தில் ப்ளா து ஜூர் சுமார் 14 முதல் 18 யூரோ, மதிய ஃபோர்முல் 17 முதல் 25 யூரோ. மதிய விலை பெரும்பாலும் திங்கள் முதல் வெள்ளி வரைதான். அதே சமையலறை, அதே சமையல்காரர், ஆனால் இரவில் தனித்தனியாக விலை போட்டுக் கூட்டினால் ஒன்றரை மடங்கு ஆகிவிடும். நல்ல பிரெஞ்சுச் சாப்பாட்டை மலிவாகச் சுவைக்க எளிய வழி, அதை மதியத்தில் வைத்துக்கொண்டு இரவை எளிதாக முடித்துக்கொள்வதுதான்.

பலகையில் இன்னொன்றும் பார்க்கலாம். மூடிக்குப் பதில் கூரை வைத்த சட்டி போன்ற ஒரு சின்னம், பக்கத்தில் 'ஃபே மேஸோன்' என்ற சொல். அந்த இடத்திலேயே, பச்சைப் பொருளிலிருந்து சமைத்தது என்பதற்கான அடையாளம் அது. 2014-ல் நடைமுறைக்கு வந்தது. சின்னம் இல்லாத கடை மோசம் என்று சொல்ல முடியாது. ஆனால் பட்டியலில் நாற்பது உணவு வகைகள், அவற்றில் ஒன்றுக்குக்கூடச் சின்னம் இல்லை என்றால், பெரும்பாலும் பின்னால் உறைபெட்டியும் மைக்ரோவேவும்தான் வேலை செய்கின்றன.

உள்ளே நுழைவதிலிருந்து பில் வரை

கதவைத் திறந்ததும் 'போன்ஜூர்' சொல்லுங்கள், மாலையானால் 'போன்சுவார்'. இதைச் சொல்லாமல் நேராக விஷயத்துக்குப் போவது இங்கே உண்மையிலேயே அவமரியாதை. பரிமாறுபவர்கள் கடுகடுவென்று நடந்துகொண்டார்கள் என்று வரும் புகார்களில் பாதி இந்த ஒரு சொல்லைச் சொல்லாததில் தொடங்கியவை.

காலி மேசையைப் பார்த்து நீங்களாக உட்காராதீர்கள். எத்தனை பேர் என்று சொல்லிவிட்டு நில்லுங்கள். அவர்களே இடம் காட்டுவார்கள். காப்பிக் கடையின் வெளி மேசைகளில் மட்டும் நீங்களே உட்காரலாம். அங்கேயும் கத்தியும் முள்கரண்டியும் வைத்திருக்கும் மேசைகள் சாப்பிடுபவர்களுக்கு உரியவை. காப்பி மட்டும் குடிக்கப் போகிறவர்கள் அவற்றை விட்டுவிட வேண்டும்.

உட்கார்ந்ததும் 'சாதாத் தண்ணீரா, கேஸ் போட்டதா?' என்று கேட்பார்கள். எதைச் சொன்னாலும் போத்தல் வரும்; ஐந்தாறு யூரோ பில்லில் ஏறும். நீங்கள் சொல்ல வேண்டியது 'ஊன் கராஃப் தோ, சில் வூ ப்ளே'. ஒரு கூஜா குழாய்த் தண்ணீர் இலவசமாக வரும், தீர்ந்தால் மறுபடியும் தருவார்கள். இலவசத் தண்ணீர் கேட்கலாம் என்பதைக் கடைக்காரரே கார்த்திலோ சுவரிலோ எழுதி வைக்க வேண்டும் என்று 2022 முதல் சட்டமே இருக்கிறது. பாரிஸ் குழாய்த் தண்ணீர் குடிக்கத் தகுந்தது. கேட்கக் கூச்சப்பட வேண்டாம், பிரெஞ்சுக்காரர்களே அதைத்தான் கேட்கிறார்கள்.

கூடையில் வரும் ரொட்டிக்கும் காசில்லை. தட்டின் ஓரத்தில் வைக்காமல் மேசைமேலேயே வைத்துக்கொள்வதுதான் வழக்கம். தட்டில் மிஞ்சிய குழம்பை ரொட்டியால் வழித்துச் சாப்பிடலாம், சாதாரண உணவகங்களில் எல்லோரும் செய்வதுதான்.

ஒரு தட்டு வாங்கி இருவர் பகிர்ந்துகொள்வதைச் சிறு உணவகங்கள் விரும்புவதில்லை. இருபது இருக்கைதான் இருக்கும். ஓர் இருக்கைக்கு ஒரு ப்ளா என்று கணக்குப் போட்டு நடத்துகிறார்கள். ஆந்த்ரேயையும் இனிப்பையும் பகிரலாம். குழந்தைக்கு 'மெனு ஆன்ஃபான்' கேளுங்கள். மிச்சம் இருந்தால் கட்டித் தரச் சொல்லலாம். கேட்பவருக்கு டப்பா தர வேண்டும் என்று 2021 ஜூலை முதல் சட்டம் இருக்கிறது. 'டாகி பேக்' என்றே சொன்னால் புரியும்.

சாப்பிட்டு முடித்து அரை மணி ஆனாலும் பில் தானாக வராது. எழுந்து போகச் சொல்வதுபோல் ஆகிவிடும் என்று காத்திருப்பார்கள். 'லாதிசியோன், சில் வூ ப்ளே' என்று நீங்கள்தான் கேட்க வேண்டும். பரிமாறும் கூலி விலைக்குள்ளேயே அடக்கம். மனம் நிறைந்தால் ஓரிரு யூரோ நாணயம் வைத்துவிட்டு வரலாம், வைக்காவிட்டாலும் குற்றமில்லை. அட்டை தேய்க்கும் இயந்திரம் டிப்ஸ் எத்தனை சதவீதம் என்று கேட்டால் 'நோன்' என்பதை அழுத்திவிட்டு மேலே போங்கள். சுற்றுலாப் பயணிகள் குவியும் இடங்களில் இந்தக் கேள்வி இப்போது அடிக்கடி வருகிறது.

தட்டில் என்ன இருக்கிறது

நம்மவர்களுக்கு அதிகம் தடுக்குவது இங்கேதான்.

சைவம் என்று மட்டும் சொன்னால் சிலர் மீன் பரவாயில்லை என்று எடுத்துக்கொள்வார்கள். 'நி வியாந்த், நி புவாசோன்' என்று சொல்லுங்கள்: இறைச்சியும் கூடாது, மீனும் கூடாது. மாட்டிறைச்சி 'பஃப்', கன்றிறைச்சி 'வோ', பன்றி 'போர்', ஆட்டிறைச்சி 'அன்யோ', கோழி 'பூலே'. 'ஸ்தேக்' என்று போட்டிருந்தால் மாடு என்றே வைத்துக்கொள்ளுங்கள். 'தார்தார்' பச்சை இறைச்சி, அடுப்பையே பார்க்காதது. 'ஆந்தூயேத்' என்பது பன்றிக்குடலை அடைத்துச் செய்வது. அதன் வாடை பழகாதவர்களால் தாங்க முடியாது.

'லார்தோன்' என்ற சொல்லை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். சுண்டுவிரல் நுனி அளவு பன்றித் துண்டுகள் அவை. பட்டியலில் பெயரே இல்லாமல் சாலட்டில் கிடக்கும். ஆட்டுப்பால் சீஸைச் சூடாக்கி ரொட்டிமேல் வைத்துத் தரும் 'ஷெவ்ர் ஷோ' சாலட், சைவர்களுக்கு ஏற்றது என்று நினைத்து வாங்குவோம். பல கடைகளில் லார்தோன் தூவியே வரும். 'சான் லார்தோன்' என்று சொன்னால் போடாமல் தருவார்கள். முட்டையும் பாலாடையும் ஊற்றிச் சுடும் 'கீஷ் லொரேன்' எப்போதும் லார்தோனோடுதான். சீஸ் வைத்துச் சுடும் சாண்ட்விச்சான 'க்ரோக் மஸ்யூ'வில் பன்றித்தொடை.

கண்ணுக்குத் தெரியாதவை இன்னும் உண்டு. வெங்காய சூப்பின் அடிநீர் பெரும்பாலும் மாட்டெலும்புச் சாறு. உருளைக்கிழங்கு வறுவலைச் சில கடைகள் மாட்டுக் கொழுப்பில் பொரிக்கின்றன, கேட்டால் சொல்லிவிடுவார்கள். பன்னா கோட்டா, பவருவா போன்ற இனிப்புகளில் ஜெலட்டின் இருக்கும். கோம்தே, ரோக்ஃபோர் முதலிய பாரம்பரியச் சீஸ்களைக் விலங்கின் வயிற்றுப் புரை ஊற்றித்தான் உறைய வைக்கிறார்கள். முட்டையும் சாப்பிடாதவர்கள் குரோசானை விட்டுவிடலாம், மேலே முட்டை தடவியே சுடுகிறார்கள். நீளக் கோல்போன்ற பகெத் ரொட்டியில் அடிப்படையில் மாவு, தண்ணீர், உப்பு, புளிப்புதான். பாலும் கிடையாது, முட்டையும் கிடையாது. நம்பிக்கையாகக் கேட்கக்கூடியவை 'ரத்தத்தூய்', அதாவது கத்தரிக்காயும் சுரை இனக் காயும் தக்காளியும் சேர்ந்த கூட்டு, அப்புறம் பாலாடையில் வெந்த உருளைக்கிழங்கு 'க்ரத்தேன் தோஃபினுவா'.

மாட்டிறைச்சி சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. எந்தப் பதத்தில் வேண்டும் என்று கேட்பார்கள். 'ஆ புவான்' என்றால் நடுத்தரம் என்று புத்தகங்கள் சொல்லும், தட்டில் நடுப்பகுதி இளஞ்சிவப்பாகச் சாறு விட்டுக்கொண்டு வரும். அது பிடிக்காது என்றால் 'பியான் குயி' என்று கேளுங்கள்.

பூய்யோன்: முதல் இரவுக்கு உகந்த இடம்

பிரெஞ்சு உணவகத்துக்கு முதன்முறை போகிறவர்களைத் தயங்காமல் பூய்யோனுக்கு அனுப்பலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் டுவால் என்ற இறைச்சிக் கடைக்காரர், சந்தைத் தொழிலாளர்களுக்கு மலிவாகச் சூடான இறைச்சிச் சாறு விற்கத் தொடங்கிய கடை வகை இது. பெயரும் அந்தச் சாற்றின் பெயர்தான். அந்த வகையில் இன்றும் நடப்பவற்றில் ஒன்று 1896-ல் திறந்த பூய்யோன் ஷார்த்தியே: 9-வது வட்டாரம், ஃபோபூர் மோன்மார்த் தெரு, 7-ம் எண், மெட்ரோ க்ரான் பூல்வார். உயர்ந்த கூரை, பித்தளைக் கொக்கிகள், சுவரில் எண் போட்ட சிறு இழுப்பறைகள். பழைய வாடிக்கையாளர்கள் தங்கள் கைத்துண்டை வைத்துவிட்டுப் போன இழுப்பறைகள் அவை. பரிமாறுபவர் மேசையில் விரித்த காகிதத்திலேயே நீங்கள் கேட்டதை எழுதுவார். கடைசியில் அதே காகிதத்தில் கூட்டியும் போட்டுவிடுவார்.

மூன்று தட்டும் சேர்த்து ஓர் ஆளுக்கு 20 முதல் 25 யூரோவுக்குள் முடித்துவிடலாம். முன்பதிவு கிடையாது, வரிசைதான். இரவு 8 மணிக்குப் போனால் ஒரு மணி நேரம்கூட நிற்க நேரும். 11.30-க்குத் திறக்கும்போதே போங்கள், இல்லை 3 மணிக்கும் 6 மணிக்கும் நடுவில் போங்கள். கூட்ட நேரத்தில் முன்பின் தெரியாதவர்களோடு ஒரே மேசையில் உட்கார வைப்பார்கள். இதே வழியில் பின்னர் வந்தவை பூய்யோன் பிகால், பூய்யோன் ரெபுப்ளிக். இரண்டும் மெட்ரோ நிலையத்திலிருந்து சில அடி தூரம்.

ரொட்டிக் கடை

தினமும் மதியம் 20 யூரோ கொடுக்க யாராலும் முடியாது. வேலைக்குப் போகிறவர்களுக்கும் மாணவர்களுக்கும் 'பூலான்ஜரி'தான் கை கொடுக்கும். சாண்ட்விச், பானம், இனிப்பு மூன்றும் சேர்ந்த ஃபோர்முல் சுமார் 8 முதல் 11 யூரோ. மாவைப் பிசைந்து அங்கேயே சுடுகிற கடைதான் 'பூலான்ஜரி' என்று பலகை மாட்டலாம் என்று 1998 முதல் சட்டம்.

ரொட்டி வாங்கும்போது வெறும் பகெத் கேட்காமல் 'ஊன் த்ரதிசியோன்' என்று கேளுங்கள். சில காசுகள்தான் கூடுதல். உறைய வைக்கக் கூடாது, வேதிச் சேர்க்கை கூடாது என்று 1993-ல் வந்த ஆணை அதைக் காக்கிறது. நல்லதா என்று பார்க்க அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்: வரிசையாகப் புள்ளிப் புள்ளியாகத் தடம் இருந்தால் வலைத் தட்டில் வைத்துத் தொழிற்சாலை முறையில் சுட்டது. மாவு ஒட்டிய வழவழப்பான அடி, ஒழுங்கில்லாத ஓட்டைகள், வெண்மைக்குப் பதில் இளமஞ்சள் நிறச் சதை, அழுத்தினால் நொறுங்கும் ஓசை: அதுதான் த்ரதிசியோன். காலையில் வாங்கியது மாலைக்குள் விறைத்துவிடும். சேர்மானம் எதுவும் இல்லாததால் வருகிற குறை அது.

பாரிஸின் சிறந்த பகெத்துக்கு மாநகராட்சி ஆண்டுதோறும் போட்டி வைக்கிறது. வென்றவர் ஓராண்டு ஜனாதிபதி மாளிகைக்கு ரொட்டி அனுப்புவார். 2023-ல் அந்தப் பரிசை வென்றவர் இலங்கையில் பிறந்த தர்ஷன் செல்வராஜா. 20-வது வட்டாரத்தில் பிரெனே தெருவில் இருக்கிறது அவர் பரிசு வென்ற 'ஓ லெவேன் தே பிரெனே' கடை. நம் பிள்ளை ஒருவர் பிரெஞ்சுக்காரர்களின் உயிரான ரொட்டியை அவர்களைவிட நன்றாகச் சுட்டார் என்பதற்காகவே ஒரு முறை மெட்ரோ ஏறிப் போகலாம்.

லாச்சப்பல்

கார் து நோர் ரயில் நிலையத்தை விட்டு வடக்கே ஐந்து நிமிடம் நடந்தால் ஃபோபூர் சேன்-தெனி தெருவின் மேல்முனை. பக்கத்தில் காய் தெரு, பெர்தோனே தெரு. மெட்ரோ 2-ல் வந்தால் லா ஷப்பேல் நிலையம். 1980-களில் போரால் புலம்பெயர்ந்து வந்த ஈழத்தமிழர்கள் உருவாக்கிய கடைத்தெரு இது.

இரண்டு சமையல் இங்கே பக்கம் பக்கமாக இருக்கிறது, கலந்து குழம்ப வேண்டாம். தோசை, இட்லி, பொங்கல், சைவச் சாப்பாடு வேண்டுமென்றால் காய் தெருவில் கிருஷ்ண பவன், ஃபோபூர் சேன்-தெனி தெருவில் சரவண பவன். யாழ்ப்பாணக் கைப்பக்குவம் வேண்டுமென்றால் கொத்துரொட்டி, இடியப்பம் சொதி சம்பல், சோறு கறி போடும் கடைகள். கொத்து போடும் கடையை முகவரி பார்த்துத் தேட வேண்டாம்; இரண்டு தகடுகள் கல்லில் தட்டும் ஓசை தெருவிலேயே கேட்கும். கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கியிருக்கும் ரோல்ஸ், பற்றிஸ், வடை ஒன்றிரண்டு யூரோதான். நின்றபடியே சாப்பிட்டுவிட்டு ரயிலைப் பிடிக்கலாம். மிளகாய்த்தூள் இலங்கை அளவு. தமிழகத்துக் காரம் பழகியவர்களுக்கும் முதல் வாயில் கண்ணீர் வரும், முன்பே 'உறைப்புக் குறைவாக' என்று சொல்லுங்கள். சைவம் என்பதற்கு இங்கே 'மரக்கறி' என்பதும் வழக்கு. மரக்கறி ரோல்ஸும் மட்டன் ரோல்ஸும் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும், கேட்டு வாங்குங்கள்.

கோடை முடியும் தறுவாயில், பஜோல் தெரு மாணிக்க விநாயகர் தேர் வரும் ஞாயிறன்று இந்தத் தெருக்களில் நிற்க இடமிருக்காது. அன்று உட்கார்ந்து சாப்பிடும் எண்ணத்தோடு வர வேண்டாம்.

மற்றவை சுருக்கமாக

நம் தோசைக்கு நெருங்கிய உறவு பிரான்ஸின் மேற்குக் கோடியில் உள்ள பிரித்தானிப் பகுதியின் 'கலெத்'. மரக்கோதுமை (பக்வீட்) மாவில் வார்ப்பது, ஓரம் மொறுமொறுவென்று மடித்து வரும். அந்தப் பகுதி ரயில்கள் வந்து நிற்கும் மோன்பர்னாஸ் நிலையத்தைச் சுற்றித்தான் நல்ல கடைகள், குறிப்பாக மோன்பர்னாஸ் தெருவில். 'கோம்ப்ளேத்' கேட்டால் பன்றித்தொடை, முட்டை, சீஸ் வரும். 'சான் ஜாம்போன்' என்றால் பன்றி இல்லாமல் வரும்.

மாரே பகுதியில் ரோஸியே தெருவில் ஃபலாஃபெல்: கொண்டைக்கடலை வடையை ரொட்டிப் பைக்குள் வைத்து, வறுத்த கத்தரிக்காயும் எள்ளுச் சாறும் ஊற்றித் தருவார்கள். வாங்கிக்கொண்டு போனால் உட்கார்ந்து சாப்பிடும் விலையைவிடக் குறைவு. யூதர் பகுதி என்பதால் வெள்ளி மாலை முதல் சனி முழுக்கப் பல கடைகள் மூடியிருக்கும். வார இறுதிப் பயணிகள் ஏமாறுவது இதனால்தான்.

13-வது வட்டாரத்தில் ஷுவாஸி, இவ்ரி சாலைகளில் வியட்நாம், கம்போடியா, லாவோஸ் உணவகங்கள். 'ஃபோ' சூப் கிண்ணம் குளிர்காலத்தில் ஒரு முழுச் சாப்பாடு, ஆனால் அடிச்சாறு மாட்டெலும்பு. அதில் மாட்டிறைச்சி போடாதீர்கள் என்று சொல்வதில் பயனில்லை. வட ஆப்பிரிக்க ரவை உணவான கூஸ்கூஸ் விற்கும் கடைகளில் ரவையும் காய்ச்சாறும் கேட்கக் கேட்கத் தருவார்கள். காய்கறிக் கூஸ்கூஸ் என்றாலும் சாறு இறைச்சியோடு வெந்ததா என்று கேட்டுக்கொள்ளுங்கள். 5-வது வட்டாரத்துப் பெரிய பள்ளிவாசலின் தேநீர் முற்றத்தில் புதினாத் தேநீரும் தேன் இனிப்பும் சாப்பிட்டுக் கால்களை ஆற்றிக்கொள்ளலாம்.

காப்பிக்கு ஒரு குறிப்பு. 'அன் கஃபே' என்றால் ஒரு வாய்க்கு மேல் இல்லாத கறுப்புக் காப்பி. பால் காப்பிக்கு 'அன் க்ரேம்'. அதே காப்பியைக் கவுன்டரில் நின்று குடித்தால் ஒரு விலை, வெளி மேசையில் உட்கார்ந்தால் ஏறக்குறைய இரு மடங்கு. இரண்டு விலையும் சுவரில் எழுதியிருக்கும்.

எங்கே வேண்டாம்

லத்தீன் பகுதியின் உஷெத் தெரு, மோன்மார்த் உச்சியில் ஓவியர்கள் உட்காரும் தெர்த்ர் சதுக்கம் இரண்டிலும் நடந்து பார்க்கலாம், சாப்பிட வேண்டாம். வாசலில் ஒருவர் நின்று கையைப் பிடிக்காத குறையாக அழைப்பது, ஆறு மொழியில் வண்ணப் படங்களோடு பட்டியல், வெங்காய சூப்பும் பீட்சாவும் ஸ்பானியச் சோறான பாயெல்லாவும் ஒரே அட்டையில்: இந்த மூன்றில் ஒன்றைக் கண்டாலும் அடுத்த தெருவுக்குத் திரும்புங்கள். பெரிய நினைவுச்சின்னங்களுக்கு எதிரே இருக்கும் மேசையில் காட்சிக்கு வாடகை கட்டுகிறீர்கள். அங்கிருந்து நாலைந்து தெரு உள்ளே போனால், கரும்பலகையில் சுண்ணாம்புக் கட்டியால் நாலே உணவு எழுதிய கடை இருக்கும். மதியம் 12.30-க்கு அலுவலக அட்டை கழுத்தில் தொங்கியபடி உள்ளூர்க்காரர்கள் நிற்கும் வரிசையில் நீங்களும் நிற்கலாம்.

இரவு 10.30 ஆகிவிட்டது, எங்கும் அடுப்பு அணைந்துவிட்டது என்றால் பூய்யோன்கள் நள்ளிரவை ஒட்டி வரை திறந்திருக்கும், வரிசையும் அந்நேரம் குறைந்திருக்கும். மெட்ரோவின் கடைசி வண்டி வார நாட்களில் 1 மணியை ஒட்டி, வெள்ளி சனி இரவுகளில் 2 மணியை ஒட்டி. இனிப்புக்குப் பிறகு காப்பி கேட்கும்போதே பில்லையும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள்.